ஆல்ட்-டேப் அடித்துச் சாளரம் மாறியதும் விசைப்பலகை தடுமாறுகிறது. பேஜ்மேக்கரில் கேள்விக்குறிகள் விழுகின்றன

சிம்மக்கல் டி.டி.பி. கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மதுரை சிம்மக்கல்லை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் சிறிய அச்சகத்தில் 19 ஆண்டுகளாக டி.டி.பி. (கணினியில் பக்கம் வடிவமைக்கும்) வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகியவைதான் எங்களுக்கு அன்றாடம். ஒரு மாதமாக ஒரு தொந்தரவு வாட்டுகிறது. விவரமாக எழுதுகிறேன், பொறுத்துப் படித்து வழி சொல்ல வேண்டுகிறேன்.

என் மேசைக் கணினியில் நாள் முழுவதும் மூன்று நிரல்கள் திறந்தே இருக்கும். பத்திரிகை வடிவமைப்பு பேஜ்மேக்கர் 7.0-இல் நடக்கிறது, அங்கே பாமினி எழுத்துருதான் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு; ஆங்கில விசைப்பலகையில்தான் அடிக்க வேண்டும்). வாடிக்கையாளர்கள் விவரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவதால் அது பிரவுசரில் திறந்திருக்கும். பெயர்ப் பட்டியல், விலைப்பட்டியல் முதலியவற்றை லிப்ரே ஆபீஸில் வைத்திருக்கிறேன். பின்னைய இரண்டிலும் யூனிகோடு (எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தமிழ், அதை அடிக்கத் தமிழ்99 என்ற விசைப்பலகை. தட்டச்சு இன்ஸ்டிடியூட்டில் படித்த காலத்துப் பழக்கத்தால் பாமினியும், பிற்பாடு முயன்று கற்றதால் தமிழ்99-உம் என் விரல்களில் இருக்கின்றன. ஆல்ட்-டேப் அடித்துச் சாளரம் மாறும்போது விரல்களும் தாமாகவே மாறிக்கொள்ளும். இதை நான் யோசித்துச் செய்வதில்லை.

சென்ற மாதம் வரை கணினியும் என்னோடு சேர்ந்து மாறிக்கொண்டிருந்தது. பேஜ்மேக்கருக்குள் நுழைந்தால் ஆங்கில விசைப்பலகை, பிரவுசருக்குள் நுழைந்தால் தமிழ் என்று, நான் எந்த இடத்தில் எதை விட்டுவிட்டுப் போனேனோ அது அங்கேயே காத்திருக்கும். கணினி மிகவும் பழையதாகிவிட்டது என்று பழுது பார்ப்பவரிடம் கொடுத்தோம். அவர் விண்டோஸ் 7-ஐ எடுத்துவிட்டு விண்டோஸ் 10 போட்டு, எல்லா நிரல்களையும் திரும்ப நிறுவிக் கொடுத்தார். அன்றிலிருந்து இந்த ஒழுங்கு குலைந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் தமிழில் பதில் எழுதிவிட்டுப் பேஜ்மேக்கருக்கு வந்தால் அங்கேயும் தமிழ்99 நிற்கிறது. தட்டினால் கேள்விக்குறி கேள்விக்குறியாக விழுகிறது. ஆங்கிலத்துக்கு மாற்றிப் பேஜ்மேக்கர் வேலையை முடித்துவிட்டு லிப்ரே ஆபீஸுக்குப் போனால் அங்கே ஆங்கிலம். மதுரை என்று அடித்தால் கே, எல், டி, எம், ஆர் என்று ஐந்து ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன.

திரையைப் பார்த்து அடித்தால் உடனே தெரிந்துவிடும் என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் தொழிலில் கண் இருப்பது கையெழுத்துத் தாளின் மீது. திரையின் மீது அல்ல. சென்ற வாரம் மேலூர்ப் பக்கத்துக் காதணி விழா அழைப்பிதழ் ஒன்று. தாய்மாமன்மார் பட்டியலை அடித்துக்கொண்டிருக்கும்போது இடையில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வர, அதற்குப் பதில் எழுதிவிட்டுத் திரும்பி வந்து மேலூர் என்று ஊர்ப் பெயரை அடித்து, அடுத்த சாளரத்துக்குப் போய்விட்டேன். ப்ரூஃப் தாளில் மாமன் பெயருக்கு எதிரே ஆறு கேள்விக்குறிகள். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்து, "என்ன தம்பி, எங்க ஊரையே கேள்வி கேக்குதா உங்க மிஷினு?" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார் என்றாலும் எனக்கு முகம் கறுத்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. சில நேரம் நான் மொழியை மாற்றவே இல்லை. பேஜ்மேக்கரை விட்டு வெளியே போகவும் இல்லை. ஆல்ட்-டேப் பட்டியலில் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அதே சாளரத்தில் வந்து அமர்கிறேன். அதற்குள் மொழி மாறியிருக்கிறது. இப்படி விதவிதமாக எத்தனை முறை நடக்கிறது என்று பழைய ப்ரூஃப் தாளின் பின்புறம் ஒரு நாள் முழுவதும் கோடு கிழித்து எண்ணினேன், 31 முறை. ஆவணி முகூர்த்த வேலைகள் குவிந்து கிடக்கின்றன. விசைப்பலகைக் கோளாறா, விண்டோஸ் கோளாறா, நிறுவியதில் கோளாறா?


கோரிப்பாளையம் வாசகர் எழுதியது:

அண்ணே, கோளாறு வேறெங்கும் இல்லை, பேஜ்மேக்கரில்தான் இருக்கிறது. 2001-இல் வந்த 7.0 தான் அதன் கடைசிப் பதிப்பு; அதற்குப் பின் அது வளரவில்லை. பக்க வடிவமைப்பு நிரலான இன்டிசைனில் சி.எஸ்.6 பதிப்பு 2012-இல் வந்தபோதே இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதி சேர்ந்துவிட்டது. காசு செலவழிக்க மனமில்லை என்றால் ஸ்கிரைபஸ் இருக்கிறது, 1.5.3 பதிப்பிலிருந்து அதுவும் தமிழைச் சரியாகக் கோக்கிறது. முழுவதும் யூனிகோடுக்கு மாறிவிட்டால் ஒரே விசைப்பலகை, ஒரே தலைவலி.


சிம்மக்கல் டி.டி.பி. எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வது நியாயம்தான். நானும் பல ஆண்டுகளாக முதலாளியிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எங்களிடம் பழைய கோப்புகள் ஆயிரக்கணக்கில் பாமினியில் இருக்கின்றன. "அக்கா கல்யாணத்துக்கு அடித்த மாதிரியே தங்கைக்கும் வேண்டும்" என்று வருபவர்களுக்குப் பழைய கோப்பைத் திறந்து பெயரையும் தேதியையும் மாற்றிக் கொடுப்பதில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. கோப்புகளை மாற்றும் வேலையைத் தை மாதத்துக்குப் பின் பார்க்கலாம். இன்று மாலை ப்ரூஃப் கொடுக்க வேண்டியவை நான்கு இருக்கின்றன.


வைகை வடகரை எழுதியது:

ஐயா, வணக்கம். உங்கள் கணினியில் எதுவும் பழுதாகவில்லை. நீங்கள் எழுதியதில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. விழும் குப்பை எழுத்துகளே அவற்றைப் பிரித்துக் காட்டிவிடுகின்றன என்பதால் முதலில் அவற்றைப் பார்ப்போம்.

மேலூர் என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் அது ஆறு: மகரம், ஏகாரக் குறி, லகரம், ஊகாரக் குறி, ரகரம், புள்ளி. பேஜ்மேக்கர் 7.0 யூனிகோடு அறியாத நிரல். அத்தகைய பழைய நிரல்களுக்கு விண்டோஸ் ஒவ்வொரு மொழிக்கும் உரிய 256 இடங்கள் கொண்ட பழைய குறியீட்டுப் பட்டியல் வழியாகத்தான் எழுத்தைக் கொடுக்கும். கிரேக்கத்துக்கும் அரபிக்கும் அப்படிப் பட்டியல்கள் உண்டு. தமிழுக்கு விண்டோஸில் அப்படியொன்று ஒருபோதும் இருந்ததில்லை, தமிழ் நேரே யூனிகோடாகத்தான் உள்ளே வந்தது. ஆகவே தமிழ்99 அனுப்பிய ஒவ்வோர் எழுத்துக்கும் இணை கிடைக்காமல், ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கேள்விக்குறி விழுகிறது. உங்கள் ப்ரூஃபில் ஆறு கேள்விக்குறிகள் இருந்தன என்று எழுதியிருந்தீர்கள். கணக்குச் சரியாக இருக்கிறது. கேள்விக்குறி விழுந்தால், ஆங்கிலம் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் விசைப்பலகை இருக்கிறது என்று பொருள்.

மதுரைக்குக் கே, எல், டி, எம், ஆர் விழுந்தது இதற்கு நேர் எதிர். தமிழ்99-இல் மகரம் இருக்கும் விசை கே, தகரம் எல், உகரம் டி, ரகரம் எம், ஐகாரம் ஆர். விரல் சரியாகத்தான் போயிருக்கிறது, விசைப்பலகைதான் ஆங்கிலத்தில் நின்றிருக்கிறது. இதே ஐந்து விசைகளைப் பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தால் "மடனஅச" என்று வந்திருக்கும். அது மூன்றாவது வகைப் பிழை. அங்கே கணினி சரி, விரல்தான் தவறு. அந்த வகையைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை என்பதிலிருந்தே உங்கள் விரல்கள் தவறவில்லை என்று தெரிகிறது. 19 ஆண்டுப் பழக்கம் வீண்போகாது.

இப்போது காரணத்துக்கு வருவோம். நாம் தேர்ந்தெடுத்த மொழியை யார் நினைவில் வைத்துக்கொள்வது என்பதில் விண்டோஸ் 7-க்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் வேறுபாடு இருக்கிறது. விண்டோஸ் 7 வரையில் ஒவ்வொரு நிரலும் தன் மொழியைத் தானே நினைவில் வைத்திருந்தது. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8-இலிருந்து, நாம் வேறு விதமாகச் சொல்லாத வரை, கணினி முழுவதற்கும் ஒரே மொழி என்று ஆக்கிவிட்டார்கள். ஒரு மொழியை எங்கே மாற்றினாலும் எல்லாச் சாளரங்களிலும் அது மாறும். பெரும்பாலானவர்களுக்கு இது வசதிதான், முன்பெல்லாம், "இப்போதுதானே தமிழுக்கு மாற்றினேன், இந்தச் சாளரத்தில் ஏன் ஆங்கிலம் வருகிறது?" என்று கேட்டு வருகிறவர்களே அதிகம். இரண்டு உலகங்களில் மாறி மாறி வேலை செய்யும் உங்களைப் போன்ற டி.டி.பி.காரர்களுக்குத்தான் பழைய முறை பொருந்தும். பழுது பார்த்தவர் எதையும் கெடுக்கவில்லை. 7-இலிருந்து 10-க்குத் தாண்டியபோது இந்த வழக்கம் சத்தமில்லாமல் மாறிவிட்டது.

பழைய முறைக்குத் திரும்ப வழி இருக்கிறது. விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ் திறந்து, டிவைசஸ் என்பதற்குள் டைப்பிங் பக்கத்துக்குப் போய், அடிவரை இறங்கினால் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் என்று ஓர் இணைப்பு இருக்கும். (விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு அது டைம் அண்ட் லாங்குவேஜ் என்பதற்குள் டைப்பிங் பக்கத்தில் இருக்கிறது.) அங்கே, ஒவ்வொரு செயலிச் சாளரத்துக்கும் வெவ்வேறு உள்ளீட்டு முறையைப் பயன்படுத்த விடு என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போடுங்கள். அதே பக்கத்தின் உச்சியில் முன்னிருப்பு (டிஃபால்ட்) உள்ளீட்டு முறையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் உள்ளது. அதில் ஆங்கிலத்தை வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகத் திறக்கும் எந்த நிரலும் அந்த மொழியோடுதான் பிறக்கும் என்பதால் பேஜ்மேக்கர் எப்போதும் ஆங்கிலத்தில் தொடங்கும். பிரவுசரிலும் லிப்ரே ஆபீஸிலும் காலையில் ஒருமுறை விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தித் தமிழுக்கு மாற்றிவிட்டால், அவற்றை மூடும் வரை மாறாது. பிரவுசரின் ஒரே சாளரத்தில் இருக்கும் பல தாவல்களுக்குத் தனித்தனி மொழி கிடைக்காது. அவை எல்லாம் சேர்ந்து ஒன்றுதான்.

இரண்டாவது சிக்கல், அதாவது ஒன்றுமே செய்யாமல் மொழி மாறுவது. ஒரு கேள்வி: ஆல்ட்-டேப் அடிக்கும்போது வேண்டிய சாளரத்தைத் தாண்டிப் போய்விட்டால், ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்திப் பின்னோக்கி வரும் பழக்கம் உங்களுக்கு உண்டா?


சிம்மக்கல் டி.டி.பி. எழுதியது:

உண்டு ஐயா. வேகத்தில் ஒன்று தாண்டிவிடும். ஷிஃப்ட்டை அழுத்தித் திரும்பி வருவேன். நான் எழுதாத ஒன்றை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?


வைகை வடகரை எழுதியது:

கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை ஐயா, நானும் அதே குழியில் விழுந்தவன். ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைச் சேர்த்த கணினியில், இடப்பக்க ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாற வேண்டும் என்று விண்டோஸில் முன்னதாகவே ஓர் ஏற்பாடு இருக்கிறது. சாளரத்தைப் பின்னோக்கி மாற்றுவதும் அதே இரு விசைகளோடு டேப் சேர்ந்ததுதான். டேப் விழுவதற்கு முன் விரல் ஒரு நொடி தயங்கி, "சரி, இந்தச் சாளரத்திலேயே இருப்போம்" என்று கையை எடுத்துவிட்டால், ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் மட்டும் அழுந்தி விடுபட்டதாகக் கணினி எடுத்துக்கொண்டு மொழியை மாற்றிவிடும். அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் பக்கத்திலேயே கீழே, உள்ளீட்டு மொழிக்கான குறுக்கு விசைகள் என்ற பொருளில் ஓர் இணைப்பு உண்டு. அதைத் திறந்து, விசைச் சேர்க்கையை மாற்றும் பொத்தானை அழுத்தி, எதுவும் ஒதுக்கப்படவில்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ்-ஸ்பேஸ் உங்களுக்குப் போதும். மொழி மாற்றத்துக்கு இரண்டு வாசல் வைத்திருந்தால் ஒன்று தெரியாமல் திறந்துகொண்டுதான் இருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வாட்ஸ்அப் வழியாக யார் யாரோ கோப்பு அனுப்பும் கணினி என்பதால், முகூர்த்த வேலை ஓய்ந்ததும் இதையும் முதலாளியிடம் சொல்லிவையுங்கள்.


ஒத்தக்கடை ஆசிரியை எழுதியது:

இதே ஆல்ட்-ஷிஃப்ட் தொல்லை லினக்ஸில் இன்னும் கடுமையாக இருந்தது. நான் வீட்டில் எக்ஸ்11 என்ற சாளர அமைப்பில் இயங்கும் லினக்ஸ் கணினியில் வினாத்தாள்கள் தயாரிக்கிறேன். அங்கே ஆல்ட்-ஷிஃப்ட்டை மொழி மாற்றும் விசையாக வைத்தால், விசையை விடும்போது அல்ல, அழுத்திய கணத்திலேயே மொழி மாறிவிடும். பின்னால் டேப் வருகிறதா இல்லையா என்று அது காத்திருப்பதில்லை. ஆகவே பின்னோக்கிச் சாளரம் மாற்றும் ஒவ்வொரு முறையும் மொழியும் சேர்ந்து மாறும். இரட்டைப்படை முறை மாற்றினால் தப்பித்தேன், ஒற்றைப்படை என்றால் அகப்பட்டேன் என்று ஓர் ஆண்டு ஓட்டினேன். பிறகு மொழி மாற்றத்தைக் கேப்ஸ் லாக் விசைக்கு மாற்றிக்கொண்டேன். தமிழுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் கிடையாதாகையால் அந்த விசை எனக்குச் சும்மாதான் கிடந்தது. க்னோம் பணிச்சூழலில் விசைப்பலகை அமைப்புப் பக்கத்திலேயே, எல்லாச் சாளரங்களுக்கும் ஒரே மொழியா, சாளரத்துக்கு ஒன்றா என்று தேர்ந்தெடுக்கும் வசதியும் இருக்கிறது.


திருமங்கலம் ஸ்டுடியோ எழுதியது:

மேலே எழுதியிருக்கும் அண்ணன்களுக்கும் அக்காவுக்கும் வணக்கம். என் தொந்தரவும் சாளரம் மாறும்போது வருவதுதான் என்பதால் தனி இழை தொடங்காமல் இங்கேயே கேட்கிறேன். நான் விண்டோஸின் சொந்தத் தமிழ் விசைப்பலகையைப் பயன்படுத்துவதில்லை. எனக்குப் பாமினி மட்டுமே தெரியும். ஆகவே பாமினி முறையில் தட்டினால் யூனிகோடாக மாற்றித் தரும் தனித் தட்டச்சுக் கருவி ஒன்றை வைத்திருக்கிறேன். ஆல்ட்டோடு ஓர் எண்ணைச் சேர்த்து அழுத்தினால் அது தமிழுக்கு மாறும்.

மற்ற எல்லா நிரல்களிலும் தமிழ் வருகிறது. ஆல்பம் வடிவமைக்கும் நிரலுக்கு மாறினால் மட்டும், கீழே மூலையில் கருவியின் சின்னம் தமிழ் என்றே காட்டிக்கொண்டிருக்க, திரையில் ஆங்கிலம் விழுகிறது. பிரவுசருக்குத் திரும்பினால் மறுபடியும் தமிழ் வருகிறது. இது முதலாவது. இரண்டாவது, வேறு சில நிரல்களில் ஆல்ட்-எண் அழுத்தித் தமிழுக்கு மாறியவுடன் கருப்பசாமி, கண்ணன் என்று ககரத்தில் தொடங்கும் பெயரை அடித்தால், எழுத்து விழுவதற்குப் பதிலாக ஃபைல் மெனு திறந்துகொள்கிறது. அடுத்தடுத்த எழுத்துகளுக்கு டிங், டிங் என்று சத்தம் வருகிறது. கருப்பசாமிக்கும் கணினிக்கும் என்ன பகை என்றே புரியவில்லை.


வைகை வடகரை எழுதியது:

தம்பி, கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பாமினியில் ககரம் இருக்கும் விசை எஃப். விண்டோஸ் நிரல்களில் ஆல்ட்டைத் தனியாக அழுத்தி விட்டால் மேலே இருக்கும் மெனு வரிசை விழித்துக்கொள்ளும். அதன்பின் எஃப் அழுத்தினால் ஃபைல் மெனு திறக்கும். நீங்கள் ஆல்ட்டைத் தனியாக அழுத்தவில்லை, எண்ணோடு சேர்த்துத்தான் அழுத்தினீர்கள். ஆனால் அந்த எண்ணைக் கருவி இடையிலேயே பிடித்து விழுங்கிவிடுகிறது. நிரலின் பார்வைக்கு ஆல்ட் அழுந்தியதும் விடுபட்டதும் மட்டுமே போய்ச் சேர்கின்றன. நடுவில் எதுவும் இல்லை. ஆகவே அது மெனுவைத் திறக்க ஆயத்தமாகிவிடுகிறது. நகரத்தில் தொடங்கும் பெயரை அடித்துப் பாருங்கள், எடிட் மெனு திறக்கும். பாமினியில் நகரம் ஈ விசையில் இருக்கிறது. மெனு விழித்திருப்பது தெரிந்தால் எஸ்கேப் ஒருமுறை அழுத்தினால் அடங்கிவிடும். நிலையான தீர்வு வேண்டுமானால், மாற்று விசையில் ஆல்ட்டே இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் கருவியின் அமைப்புப் பக்கத்தில் விசையை மாற்ற இடமிருந்தால் ஸ்க்ரோல் லாக் விசையைக் கொடுங்கள். இந்தக் காலத்தில் அதைத் தொடுவார் யாரும் இல்லை.

முதல் தொந்தரவுக்கு ஒரு சோதனை. ஆல்பம் நிரல் திறந்திருக்கும்போது, கோப்புறையிலிருந்து ஒரு படத்தை எலியால் இழுத்து அதற்குள் போட்டுப் பாருங்கள். விழுகிறதா?


திருமங்கலம் ஸ்டுடியோ எழுதியது:

விழவில்லை அண்ணே. குறுக்குக் கோடு போட்ட வட்டம்தான் தெரிகிறது. பல நாளாக இப்படித்தான். நிரலின் குணமே அது என்று நினைத்து, ஃபைல் மெனு வழியாகவே படங்களைத் திறந்துகொண்டிருந்தேன்.


வைகை வடகரை எழுதியது:

அப்படியானால் அந்த நிரல் நிர்வாகி உரிமையோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் ஐகானின் மீது வலப்பக்கச் சொடுக்கு செய்து, பண்புகளுக்குள் (ப்ராப்பர்டீஸ்) பொருந்துதிறன் (கம்பாட்டிபிலிட்டி) பக்கத்தைப் பாருங்கள். நிர்வாகியாக இயக்கு என்ற கட்டத்தில் யாரோ டிக் போட்டு வைத்திருப்பார்கள். பழைய நிரல் அடம்பிடித்தால் பழுது பார்ப்பவர்கள் முதலில் செய்யும் கைவைத்தியம் இது.

விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஒரு கட்டுப்பாடு உண்டு. சாதாரண உரிமையில் ஓடும் ஒரு நிரல், நிர்வாகி உரிமையில் ஓடும் நிரலுக்குப் போகும் விசைகளை இடைமறிக்கவோ, அதற்குள் எழுத்துகளைத் திணிக்கவோ முடியாது. தீய நிரல்களைத் தடுப்பதற்காக வைத்த வேலி அது. உங்கள் தட்டச்சுக் கருவி செய்வதும் இடைமறித்து எழுத்து மாற்றும் அதே வேலைதான் என்பதால் அதுவும் வேலிக்கு வெளியே நின்றுவிடுகிறது. கோப்புறைச் சாளரமும் சாதாரண உரிமையில்தான் ஓடுகிறது. படம் உள்ளே விழாததற்கும் அதுவே காரணம். கருவிக்குத் தான் தடுக்கப்பட்டது தெரியாது. தெரியாததால் சின்னம் தமிழ் என்றே காட்டிக்கொண்டிருக்கிறது. டிக்கை எடுத்துவிட்டு நிரல் ஒழுங்காக ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடவில்லை என்றால் மட்டும் கருவியையும் நிர்வாகியாக இயக்குங்கள். இரண்டாவதை நான் அரைமனத்தோடுதான் சொல்கிறேன். நீங்கள் தட்டும் எல்லா விசைகளையும் பார்க்கும் ஒரு கருவிக்குக் கூடுதல் அதிகாரம் கொடுப்பது எனக்கு உவப்பான காரியம் அல்ல.

இன்னொரு வகையும் உண்டு. எந்த நிரலிலும் தமிழ் வராமல், சின்னம் மட்டும் தமிழ் என்று காட்டினால் அது வேறு கதை. படம் ஏற்றுமதி செய்வது போன்ற கனமான வேலையில் கணினி திணறும்போது, விசையை இடைமறிக்கும் கருவி குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை என்றால், விண்டோஸ் 7 முதற்கொண்டு அதைச் சத்தமில்லாமல் கழற்றிவிடும். விண்டோஸ் 10-இன் பிற்காலப் பதிப்புகளில் இந்தக் கெடு அதிகம் போனால் 1 நொடி. கருவியை மூடித் திறப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.


சிம்மக்கல் டி.டி.பி. எழுதியது:

ஐயா, வடகரையில் எந்தத் தெரு என்று சொன்னால் வந்து ஒரு காபி வாங்கித் தருவேன். நேற்றுக் காலை டிக் போட்டேன், ஆல்ட்-ஷிஃப்ட்டையும் எடுத்துவிட்டேன். மறுபடியும் பழைய ப்ரூஃப் தாளின் பின்புறம் கோடு கிழித்தேன். மாலை வரை மூன்றே கோடுகள். மேலூர் அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது.

அந்த மூன்றும் ஒரே வகை. வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைச் சொடுக்கும்போது பிரவுசர் தனிச் சாளரமாகத் திறந்தால், அதில் சில நேரம் ஆங்கிலம் நிற்கிறது. பேஜ்மேக்கர் ஆங்கிலத்திலும் பிரவுசர் தமிழிலும் பிறக்குமாறு, நிரலுக்கு நிரல் தனித்தனி முன்னிருப்பு வைக்க வழியுண்டா?


வைகை வடகரை எழுதியது:

அந்தப் பக்கத்தில் முன்னிருப்பு ஒன்றுதான் ஐயா. நிரலுக்கு ஒன்று என்று வைக்க அங்கே இடமில்லை. பிரவுசரில் இணைப்புகளைத் தனிச் சாளரமாக அல்லாமல் அதே சாளரத்தில் தாவலாகத் திறக்கும்படி வைத்துக்கொண்டால் அந்த மூன்றும் குறைந்துவிடும். காபிக்கு நானே சிம்மக்கல் வருகிறேன். தம்பி மகனுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம். பத்திரிகை அடிக்க வேண்டும்.


திருமங்கலம் ஸ்டுடியோ எழுதியது:

டிக்கை எடுத்தேன்; ஆல்பம் நிரல் குறைவில்லாமல் ஓடுகிறது; தமிழும் வருகிறது, படமும் விழுகிறது. ஸ்க்ரோல் லாக் விசை என் விசைப்பலகையில் இல்லவே இல்லை. பாஸ் (Pause) விசையைக் கொடுத்திருக்கிறேன். கருப்பசாமி இப்போது ஒழுங்காக விழுகிறார்.